பினோதினி தாசி: ஆசிக்கும் அனுதாபத்துக்கும் அப்பால்

வங்க மேடை நடிகை பினோதினி தாசியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காட்சிகளைத் தாண்டுவதில்லை. ஒன்று, 1884 செப்டம்பர் 21 அன்று கல்கத்தா ஸ்டார் தியேட்டரில் ‘சைதன்ய லீலா’வைப் பார்த்த ராமகிருஷ்ண பரமஹம்சர் அவருக்கு ஆசி வழங்கியது. மற்றொன்று, அதே தியேட்டர் எழும்புவதற்காகக் குர்முக் ராய் என்ற இளம் செல்வந்தரின் துணைவியாக இருக்க அவர் இசைந்ததும், கட்டடத்துக்கு அவர் பெயரை வைப்பதாகச் சக கலைஞர்கள் கொடுத்த வாக்கு பதிவு அலுவலகத்தில் காற்றோடு போனதும். முதல் காட்சி அவரைப் பக்தையாக்குகிறது, அடுத்தது தியாகியாக்குகிறது. ஜாத்ரா மேடையும் திரைப்படமும் இந்த இரண்டு காட்சிகளையே மாற்றி மாற்றிப் பரிமாறி வந்திருக்கின்றன. இரண்டும் நடந்தவைதான். ஆனால் மேடையில் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், எந்த அளவுக்குச் செய்தார் என்ற கேள்விகளுக்கு இரண்டிலும் இடமில்லை.

1874 இறுதியில் கிரேட் நேஷனல் தியேட்டரில் திரௌபதியின் தோழியாகச் சில வரிகள் பேசி அறிமுகமானபோது அவருக்கு 11 அல்லது 12 வயது. மாதச் சம்பளம் 10 ரூபாய். பெங்கால் தியேட்டர், நேஷனல் தியேட்டர், ஸ்டார் என்று மாறி, 1886 முடிவில் விலகியபோது வயது 23ஐ ஒட்டி. எண்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். பிறகு 1941 வரை வாழ்ந்தும் நடிகையாக அவர் திரும்பவில்லை. குறுகிய கலைவாழ்வுக்கு ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது: அதன் சரிவை யாரும் பார்ப்பதில்லை. இந்த மதிப்பீட்டில் அந்தச் சலுகையைச் சேர்க்க வேண்டியதில்லை. அனுதாபம் மூடிவைத்த தகுதிகளைத் திறந்து பார்த்தால் சலுகை தேவைப்படவும் படாது.

சான்றுகளிலிருந்து தொடங்கலாம். கல்கத்தாவுக்குக் கிராமபோன் வருவதற்கு முன்பே அவர் ஓய்ந்துவிட்டார். குரலின் பதிவு இல்லை, அசைவின் பதிவு இல்லை. இருப்பவை மூன்று வகை. 1912இல் வெளிவந்த ‘ஆமார் கதா’வும் 1924-25இல் ‘ரூப் ஓ ரங்க’ இதழில் தொடராக வந்த ‘ஆமார் அபிநேத்ரி ஜீபன்’னும் அவரே எழுதியவை. அவருடைய ஆசிரியரும் நாடகாசிரியருமான கிரீஷ் சந்திர கோஷ் எழுதிய கட்டுரை இரண்டாவது. பத்திரிகைக் குறிப்புகளும் பார்வையாளர் நினைவுகளும் மூன்றாவது.

இவற்றில் கிரீஷின் சாட்சியம்தான் சிக்கலானது. பயிற்றுவித்தவரே பாராட்டும்போது பாதிப் பாராட்டு அவருக்கே திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, ‘ஆமார் கதா’வுக்கு அவர் எழுதித் தந்த முன்னுரையில் உண்மைகள் விடுபட்டிருப்பதாகப் பினோதினி அதை ஏற்க மறுத்தார். கசப்பான உண்மைகளை எல்லா நேரமும் சொல்ல வேண்டியதில்லை என்பது கிரீஷின் பதில். வேறொன்று எழுதுவதாகச் சொன்னார். எழுதுவதற்குள் 1912 பிப்ரவரியில் இறந்துபோனார். பழைய முன்னுரையே அடுத்த பதிப்பில் சேர்ந்தது. அவர் மழுப்பியது ஸ்டாரின் கொடுக்கல் வாங்கலை. அங்கே மறைக்க அவருக்குக் காரணம் இருந்தது. நடிப்பைப் பற்றிப் பேசும்போது அவர் குறிப்பாகப் பேசுகிறார், எந்தப் பாத்திரம் எங்கே கடினம் என்று சுட்டுகிறார். தன் நாடகங்கள் பெற்ற மதிப்பில் ஒரு பங்கு பினோதினிக்கு உரியது என்று ஒப்புக்கொள்கிறார். கணக்குப் புத்தகத்தில் நம்ப முடியாத சாட்சியை ஒத்திகைக் கூடத்தில் நம்பலாம் என்றே நினைக்கிறேன்.

பினோதினி வந்து சேர்ந்த அரங்கின் வயதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1872 டிசம்பரில் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தோடு நேஷனல் தியேட்டர் தொடங்கியபோது பெண் வேடங்களை ஆண்களே ஏற்றார்கள். 1873இல்தான் பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களை நடிகைகளாக அமர்த்தியது. அவர்கள் வந்தது விலைமகளிர் குடியிருப்புகளிலிருந்து. கவிஞர் மதுசூதன் தத் பெண்கள் நடிக்க வேண்டும் என்றார். அதை ஏற்காத வித்யாசாகர் தியேட்டரின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். பினோதினி மேடையேறும்போது வங்கத் தொழில்முறை அரங்கில் நடிகை என்ற பிறவிக்கே ஓராண்டு சொச்சம்தான் வயது. பார்த்துப் பழக ஒரு மூத்த தலைமுறை இல்லை. இதனால் அவருக்கு வாய்ப்பாட்டுப் பாவனைகளின் சுமை இல்லாமல் போனது நன்மை. தன் தவறுகளைத் தன்னைவிடத் தேர்ந்த ஒரு பெண்ணின் உடலில் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் போனது இழப்பு. வீட்டில் குடியிருந்த கங்காபாய் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அரங்கின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுக்க ஆண்களே இருந்தார்கள்.

அந்த இலக்கணம் 1877 வாக்கில் கிரீஷோடு சேர்ந்த பிறகுதான் முறையாக வடிவம் கொள்கிறது. பினோதினி விவரிக்கும் பயிற்சி கவனிக்கத் தக்கது. முதலில் பாத்திரத்தின் பாவம் விளக்கப்படும், நாடகத்தில் அதன் இடம் விவாதிக்கப்படும். மனப்பாடம் அதற்குப் பிறகுதான். ஷேக்ஸ்பியர், மில்டன், பைரன் கதைகள் பேச்சுவாக்கில் வரும். பிரிட்டிஷ் நடிகை சாரா சிடன்ஸ் மேடையைவிட்டு விலகியிருந்து திரும்பிய கதை சொல்லப்படும். நகருக்கு வரும் ஆங்கிலக் கம்பெனிகளின் நாடகங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். வந்ததும் என்ன பார்த்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முறைப்படி அதிகம் படிக்காத ஒரு பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்ணிடம் பகுத்தாய்வைக் கோரியது இந்தப் பயிற்சி. அவர் கொடுத்தார். அவருடைய தலைமுறையில் மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது அழகோ குரலோ இல்லை, இந்தப் பதில் சொல்லும் திறன்தான். ஆனால் பாத்திரத்தின் பொருள் எப்போதும் ஆசிரியரிடமிருந்தே வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரீஷின் விளக்கத்தை மறுத்து, தான் வேறாகப் புரிந்துகொண்டதை நிறுவிய ஓர் இடத்தையும் பினோதினி தன் நூலில் காட்டவில்லை.

அவருடைய உச்சம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் சைதன்யரைச் சொல்வார்கள். என் தேர்வு பங்கிம் சந்திரரின் ‘மிருணாளினி’யில் வரும் மனோரமா.

அந்தப் பாத்திரத்தின் கட்டமைப்பே ஒரு நடிகைக்கு வைக்கும் பரீட்சை. மனோரமா ஒரு கணம் விளையாட்டுச் சிறுமி. அடுத்த கணம் ஆழ்ந்த, துயரம் அறிந்த, அறிவுரை சொல்லும் பெண். நாவலில் இந்த மாற்றத்துக்கு ஆசிரியர் வர்ணனையால் பாலம் போடலாம். மேடையில் பாலம் கிடையாது. அதே காட்சியில், அதே உடையில், அவளை நேசிக்கும் பசுபதி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தாக வேண்டும். சிறுமியைச் சற்று மிகைப்படுத்தினால் பைத்தியக்காரியாகத் தோன்றுவாள். பெண்ணைச் சற்று மிகைப்படுத்தினால் சிறுமி வெறும் நடிப்பாகிவிடுவாள். கிரீஷ் இந்த இரட்டைத் தன்மையை விரிவாகப் பேசுகிறார், பினோதினி அதைச் சாதித்ததாகச் சான்று சொல்கிறார். பங்கிம் தன் மனோரமாவை உயிரோடு கண்டதாக வியந்தார் என்ற செய்தியும் உண்டு. நாடக உலகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பாராட்டு அது. நான் அதற்கு அதிக எடை தரவில்லை. எடை தருவது வேறொன்றுக்கு: அப்போது பினோதினியே சிறுமிப் பருவத்துக்கும் பெண்மைக்கும் இடையில் நின்றவர். இதை வைத்து, வயது செய்த வேலையைக் கலை செய்ததாகச் சொல்கிறோமோ என்று ஐயுறலாம். அப்படியானால் அந்த வயதைக் கடந்த பிறகு திறமை மங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. எதிரெதிர் நிலைகளுக்கிடையே தையல் தெரியாமல் கடப்பதுதான் கடைசிவரை அவருடைய கையெழுத்தாக இருந்தது.

மதுசூதன் தத்தின் ‘மேகநாத வத காவிய’த்தின் நாடக வடிவில் அவர் ஏழு பாத்திரங்களை ஏற்றதை இதோடு சேர்த்துப் பலரும் புகழ்கிறார்கள். பிரமீளை, சீதை, சித்திராங்கதை, ரதி, வாருணி, மாயை, மகாமாயை. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். தேவதை வேடங்களில் பாதி வேலையை உடையும் நடையும் செய்துவிடும். வேடம் புனைவதில் அவருக்கு இருந்த நுட்பத்தைக் கிரீஷும் தனியே குறிப்பிடுகிறார். உண்மையான சோதனை பிரமீளையும் சீதையும்தான். ஒருத்தி படையோடு இலங்கைக்குள் நுழையும் வீராங்கனை, மற்றவள் அசோகவனத்துச் சிறையிருப்பு. இருவரும் பேசுவது மதுசூதனரின் கனத்த செய்யுள். ஒரே இரவில் ஒரே குரல் இரண்டையும் சுமந்ததென்றால் அது உடைமாற்றும் வித்தையில் அடங்காது. மற்ற ஐந்தும் கம்பெனியின் ஆள் பற்றாக்குறைக்கும் விளம்பரத்துக்கும் சேர வேண்டியவை.

இனி சைதன்யர். 1884 ஆகஸ்ட் 2 அன்று ஸ்டாரில் தொடங்கிய ‘சைதன்ய லீலா’, தொழில்முறை அரங்கைப் பழித்து ஒதுங்கியிருந்த குடும்பத்தினரையும் வைணவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரு பெண், அதிலும் அந்தச் சமூகத்தால் விலைமகள் என்று முத்திரையிடப்பட்டவர், ஆண் மகானாக நின்று அவர்களை அழவைத்தார். வரலாற்று விளைவு என்ற அளவில் அவருடைய வேறெந்தப் பாத்திரமும் இதன் அருகில் வராது. நடிப்பாக?

அவர் தரும் தயாரிப்பு விவரங்கள் இருவகை. அம்ருத பஜார் பத்திரிகையின் சிசிர் குமார் கோஷ் கௌராங்கரை, அதாவது சைதன்யரை, தியானிக்கச் சொன்னார். முதல் காட்சியன்று காலையில் கங்கையில் நீராடி, துர்க்கையின் பெயரை 108 முறை எழுதினார். இது விரதம். ஒத்திகையும் பாத்திர ஆய்வும் இன்னொரு பக்கம் நடந்தன, அது உழைப்பு. நூலில் விரதம் விரிகிறது, உழைப்பு சுருங்குகிறது. மேடையிலும் இந்தச் சாய்வு தெரிகிறது: உணர்ச்சி மேலீட்டில் நினைவிழந்து விழுந்த நாட்கள் உண்டு என்று அவரே எழுதுகிறார். நாடகம் பார்க்க வந்திருந்த புனித சேவியர் கல்லூரிப் பாதிரியார் லாஃபோன், ஒப்பனை அறைக்கு வந்து அவரைத் தெளியவைத்த நிகழ்ச்சியும் அங்கே இருக்கிறது. பக்தர்களுக்கு இது பெருமை. திறனாய்வுக்கு இது குறை. மெய்ப்பாடு பார்ப்பவரிடத்தில் சுவையாக விளைய வேண்டுமானால், அதைக் காட்டுகிறவர் தன் மெய்யின் மீது ஆட்சி இழக்கக் கூடாது. நினைவிழந்த நடிகை அந்தக் கணத்தில் நடிகையாக இல்லை.

ஆனால் அதே காலத்தில் அதே மேடையில் எதிர்ச்சான்றும் கிடைக்கிறது. அம்ருதலால் போஸின் ‘விவாஹ விப்ராட்’ என்ற பிரகசனத்தில் பிலாசினி கார்ஃபோர்மா என்றொரு பாத்திரம்: ஆங்கிலப் படிப்பின் மிடுக்கில் மிதக்கும் புதுமைப் பெண்ணின் கேலிச்சித்திரம். சைதன்யராக நடித்த இரவிலேயே பினோதினி இந்த வேடத்தையும் ஏற்றார். பக்திப் பரவசத்திலிருந்து நையாண்டிக்கு, ஒப்பனை மாற்றும் நேரத்துக்குள். பிரகசனத்துக்குத் தேவை துல்லியமான கால அளவும் குளிர்ந்த மூளையும். அரைமயக்கத்தில் இருப்பவரால் அது முடியாது. ஆகவே அவரிடம் கட்டுப்பாடு இல்லாமலில்லை, சைதன்யரில் அதைத் தளர்த்தத் தானே அனுமதித்தார் என்றே முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. பார்வையாளரின் பக்தி அந்தத் தளர்வைக் கேட்டது, பரிசும் கொடுத்தது. பரமஹம்சர் ஆசி வழங்கிய இரவைக் கொண்டாடுகிறவர்கள் பிலாசினியை மறந்துபோனது தற்செயலாகத் தோன்றவில்லை. புனிதக் கதைக்கு அவள் இடைஞ்சல்.

அந்த வெற்றி நாடகப் பட்டியலையும் குறுக்கியது. 1870களின் இறுதியில் பங்கிமின் கதைமாந்தர், மதுசூதனரின் காவியம், தீனபந்து மித்ராவின் ‘சதபார் ஏகாதசி’யில் காஞ்சன் என்ற தாசி, ‘பலாசிர் யுத்த’த்தில் பிரிட்டானியா என்று பரந்திருந்த களம், 1884க்குப் பிறகு பக்திப் பாதையில் திரும்பிவிட்டது. பிரகலாதன், ‘நிமாய் சந்நியாச’த்தில் மீண்டும் சைதன்யர், ‘புத்ததேவ சரித’த்தில் புத்தரின் மனைவி கோபை. ‘நிமாய் சந்நியாச’த்தின் நீண்ட தத்துவ வசனங்கள் கடினமானவை என்று பினோதினி குறிப்பிடுவதில் ஒரு சோர்வை நான் கேட்கிறேன். நாடகாசிரியராகக் கிரீஷ் தன் ஆன்மிகத் திருப்பத்தை எழுதிக்கொண்டிருந்தார். தான் உருவாக்கிய மிகக் கூர்மையான கருவியை ஒரே மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். 1886இல் வந்த ‘பில்வமங்கள’த்தின் சிந்தாமணி இந்த வரிசையில் ஒரு விலக்கு. தன்மீது பித்தான பில்வமங்களனின் மோகத்தை இறைவன் பக்கம் திருப்பிவிடும் கணிகை அவள். உலகியல் கூர்மையும் துறவின் விளிம்பும் ஒரே உடலில் இருக்க வேண்டிய பாத்திரம், மனோரமாவின் முதிர்ந்த தங்கை. கணிகை கணிகையாக நடித்தார் என்று சொல்லி இதைக் கழித்துவிடுவது சோம்பேறித்தனமான விமர்சனம். அதே தர்க்கப்படி சீதையை யார் நடித்திருக்க வேண்டும் என்று அந்த விமர்சகர்கள் சொல்லட்டும்.

பில்வமங்களம் வந்த ஆண்டே அவர் விலகினார். காரணங்களை அவர் முழுமையாகச் சொல்லவில்லை. சக கலைஞர்களின் நடத்தை தந்த மனக்காயம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். முன்கதை தெரிந்ததுதான். குர்முக் ராய் 50,000 ரூபாய் ரொக்கம் தர முன்வந்தபோது அதை விட்டுத் தியேட்டரைக் கேட்டவர் பினோதினி. பீடன் தெருவில் கட்டட வேலை நடந்தபோது மண் கூடை சுமந்தார். கட்டி முடிந்தபின் பெயர் போனது. குர்முக் விலகும்போது பினோதினிக்குத் தர நினைத்த பங்கும், நிர்வாகத் தொல்லை நமக்கெதற்கு என்று கிரீஷ் அவருடைய தாயாரிடம் பேசியதில் போனது. ஆசிரியராகக் கிரீஷுக்கு நான் தந்த மதிப்பு இங்கே செல்லாது. பங்குதாரராக இருந்திருந்தால் அந்த நடிகையை நாடகத் தேர்விலும் பாத்திரத் தேர்விலும் அவ்வளவு எளிதாக ஒதுக்கியிருக்க முடியாது. இழப்பு நீதியின் கணக்கில் மட்டும் எழுதப்பட வேண்டியதில்லை, கலையின் கணக்கிலும் எழுதப்பட வேண்டும். 2024 இறுதியில் ஹாத்திபாகான் ஸ்டாருக்குப் பினோதினியின் பெயர் சூட்ட மேற்கு வங்க அரசு முடிவெடுத்தது. நல்லதுதான். அவர் மண் சுமந்தது அந்தக் கட்டடத்துக்காக இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஸ்டார் அங்கே இடம்பெயர்ந்தது அவர் விலகிய பிறகு.

அப்படியானால் எந்த இடம் அவருக்கு? ஒப்பிடாமல் சொல்ல முடியாது. 1893இல் மினர்வா தியேட்டரில் கிரீஷின் வங்க மொழி ‘மேக்பெத்’ அரங்கேறியபோது லேடி மேக்பெத்தாக நின்றவர் தின்கரி தாசி. ஒத்திகைக் கூடத்தில் ஷேக்ஸ்பியர் கதைகளைக் கேட்டு வளர்ந்த பினோதினிக்கு அப்போது 30 வயது, வீட்டில் இருந்தார். ஷேக்ஸ்பியரின் ஒரு பெண்ணாக மேடையில் நிற்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. ‘சைதன்ய லீலா’வில் சிறுவன் வேடத்தில் அறிமுகமான தாராசுந்தரி, பல பத்தாண்டுகள் நடித்து, முதிர்ந்த துன்பியல் பாத்திரங்கள் வரை போனார். வயதின் கனத்தைத் தாங்கும் துன்பியல் பாத்திரம், நடிகையின் சொந்த விளக்கத்தில் நிற்கும் பாத்திரம் என்ற இரண்டு அளவுகோல்களிலும் பினோதினியின் பெயருக்கு நேரே எழுத ஒன்றுமில்லை. அவரிடம் இயலாமை இருந்ததாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் நிகழாததைச் சாதனைக் கணக்கில் வரவு வைக்கவும் முடியாது. நிலைமாற்றத்தின் நுட்பம், ஒரே இரவில் எதிர்த்துருவங்களைத் தாங்கும் வீச்சு, பாத்திரத்தைப் பகுத்தறிந்து அணுகும் முறை ஆகிய மூன்றிலும் அவர் தன் காலத்து வங்க அரங்கில் முதல் வரிசை, ஒருவேளை முதல் ஆள். ஒட்டுமொத்தக் கலைவாழ்வாகப் பார்த்தால் அது முதல் அங்கத்தோடு நின்றுபோன நாடகம். ‘வங்க அரங்கின் தலைசிறந்த நடிகை’ என்று வழக்கமாகச் சூட்டப்படும் பட்டத்தை நான் ஏற்கவில்லை. அந்த இடத்துக்கான தகுதி அவரிடம் இருந்தது. அதை நிரூபிக்கும் ஆண்டுகள் இல்லை.

இதே கறாரோடு பார்த்தால் அவர் எழுதியவை அவருடைய மேடைக்கு இணையான சாதனை. கிரீஷுக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் அமைந்த ‘ஆமார் கதா’ மகளை இழந்த துயரத்தின் நிழலில் எழுதப்பட்டது. நூலின் பெரும்பகுதியைத் தன்னிரக்கமும் பாவ உணர்வும் கவிந்திருக்கின்றன. நடிப்பு நுட்பத்தைத் தேடுகிறவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மூச்சு எங்கே, கை எங்கே, மௌனம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் அரிது. ஆயினும், தன்னை இகழ்ந்த சமூகத்தின் முகவரிக்கே தன் கலையின் வரலாற்றை எழுதி அனுப்பும் துணிவு அதற்கு முன் எந்த வங்க நடிகையின் எழுத்திலும் இந்த அளவில் இல்லை.

பத்தாண்டுக்கு மேல் கழித்து எழுதிய ‘ஆமார் அபிநேத்ரி ஜீபன்’ வேறு ஆள் எழுதியது போல இருக்கிறது. செம்மொழி நடையை விட்டுப் பேச்சு நடைக்கு வந்துவிட்டார். புலம்பல் குறைந்து நகைச்சுவை வருகிறது. சின்ன வயதில் பெரியவர்களின் உடையை இழுத்துக் கட்டிக்கொண்டு மேடையேறியது, வட இந்தியச் சுற்றுப்பயணம், லக்னோவில் ‘நீல் தர்ப்பண்’ நடக்கும்போது வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் ஆத்திரத்தில் மேடையை நோக்கிப் பாய்ந்தது எல்லாம் தொழில் தெரிந்த ஒருவரின் கண்ணால் சொல்லப்படுகின்றன. முதல் நூலில் இல்லாத மேடைத் தளமும் உடையும் கூட்டமும் இதில் இருக்கின்றன. மனோரமாவின் அந்தத் திருப்பத்தை உடலால் எப்படிச் செய்தார் என்று அவர் எழுதியிருக்கக் கூடிய நூல் இதுதான். தொடர் முடியாமல் பாதியிலேயே நின்றுவிட்டது.